மணத்தோழரும் மணத்தோழியரும்: திருமணச் சாட்சிகளின் பணியும் கடமையும்

திருமணத்துக்கு முன் மணமக்களைச் சந்தித்து அறிவுரை கூறும் வழக்கம் இன்று நம் சபைகளில் பெரும்பாலும் நிலைபெற்றுள்ளது. பாடகர் குழுவுக்குப் பாடல்கள் முன்னரே தரப்படுகின்றன. கோவிற்பிள்ளைக்கு இருக்கைகளைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஆனால் மணமக்களுக்கு மிக அருகே நிற்கும் தோழனுக்கும் தோழிக்கும், பதிவேட்டில் கையொப்பமிடும் சாட்சிகளுக்கும், தாங்கள் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பதை எடுத்துரைப்பார் அரிது. உடையின் நிறத்தைப் பற்றிப் பல நாள் பேசுகிறோம். கடமையைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, திருமறையும் திருச்சபை வரலாறும் நாட்டின் சட்டமும் இவர்களைப் பற்றிக் கூறுவனவற்றைத் தொகுத்து, ஆயர்கள் தம் சபைகளில் கையாளத்தக்க சில முறைகளை இங்கு முன்வைக்கிறோம்.

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் போன்ற வட்டாரங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டுநிலம் அது. பிழைப்பை நாடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோர் பலர். இத்தகைய இடங்களில் சபைகள் சிறியவை. உறவினருள் பெரும்பாலோர் பிற சமயத்தவர். ஆகவே மணமக்களின் அருகே யார் நிற்பது, அவர்கள் எதற்குப் பொறுப்பாவது என்னும் வினா, நகரத்துப் பெரிய ஆலயங்களைவிட இங்கே கூர்மையாக எழுகிறது.

1. திருமறை காட்டும் தோழர்

யோவான் ஸ்நானன் தன்னை மணவாளனுடைய தோழனுக்கு ஒப்பிடுகிறார் (யோவான் 3:29). அத்தோழன் அருகே நிற்கிறான், செவிகொடுக்கிறான், மணவாளனுடைய குரலைக் கேட்டு மகிழ்கிறான். தன்னை முன்னிறுத்தாமல் பிறனுடைய மகிழ்ச்சியில் நிறைவடைவதே அவனுடைய இலக்கணம். மாற்கு 2:19இல் நம் தமிழ்த் திருமறை மணவாளனுடைய தோழர் என்று கூறுவோரைக் கிரேக்க மூலம் 'மணவறையின் புதல்வர்' என்னும் பொருள்பட அழைக்கிறது. அவர்கள் வெறும் விருந்தினர் அல்லர், மணவீட்டுக்கு உரியவர்கள்.

யூத மரபில் இத்தோழனுக்குச் 'சோஷ்பீன்' என்று பெயர். யூதேயாவில் மணமகன் சார்பில் ஒருவனும் மணமகள் சார்பில் ஒருவனுமாக இருவர் நியமிக்கப்பட்டனர் என்றும், கலிலேயாவில் அவ்வழக்கம் இல்லை என்றும் தல்மூதின் கெத்துபோத் பகுதி கூறுகிறது. இரு வீட்டாருள் எவரும் வஞ்சிக்கப்படாதபடி காப்பது அவர்களுடைய பொறுப்பு. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவோ (பாவா பத்ரா 9:4), தோழர்கள் மணவீட்டுக்குக் கொடுக்கும் நன்கொடை திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் என்றும், அதனை வழக்கு மன்றத்தின் வாயிலாகவும் பெறலாம் என்றும் விதிக்கிறது. நம் ஊர் மொய்ப் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

தோழமை தவறும்போது நேர்வதையும் திருமறை மறைக்கவில்லை. சிம்சோனுடைய திருமணத்தில் முப்பது தோழர் அமர்த்தப்பட்டனர் (நியாயாதிபதிகள் 14:11). அவர்களோ, விடுகதையின் பொருளை அறியவேண்டி, மணமகளையும் அவள் தகப்பன் வீட்டையும் தீக்கிரையாக்குவோம் என்று அவளை அச்சுறுத்தினர். முடிவில் அவள் அத்தோழருள் ஒருவனுக்கே கொடுக்கப்பட்டாள். காக்க வந்தவர்களே அழித்த வரலாறு இது. லாபானோ அவ்விடத்து மனிதரையெல்லாம் கூட்டி விருந்து செய்தான் (ஆதியாகமம் 29:22). அன்றிரவே யாக்கோபு ஏமாற்றப்பட்டான். கூடியிருந்தோருள் ஒருவரேனும் வாய் திறந்ததாகக் குறிப்பில்லை. உண்டு வாழ்த்திச் சென்ற அம்மௌனக் கூட்டத்தை நம் திருமணங்களிலும் காண்கிறோம் அல்லவா?

இதற்கு மாறாக, பெத்லகேம் ஊர்வாசலில் பத்து மூப்பரும் மக்களும் தாங்கள் சாட்சிகள் என்று வாய்விட்டு அறிக்கையிட்டனர் (ரூத் 4:9-11). அத்திருமணத்தின் நடுவே நிற்பவர்கள் யார்? மணமகளாகிய ரூத் ஒரு கைம்பெண். அவளுக்கு வழிகாட்டிய நகோமியும் ஒரு கைம்பெண். இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

2. திருச்சபை வரலாற்றில்

திருமணம் மறைவில் நடத்தப்பட்டால் வலியவன் பின்னர் அதனை மறுத்துவிடுவான், எளியவள் கைவிடப்படுவாள். இத்தீங்கைத் தடுக்கவே 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், திருமணத்தை முன்கூட்டியே சபையில் அறிவிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. நம் சபைகளில் ஓலை வாசித்தல் என்று வழங்குவது இவ்வழி வந்ததே. 1563இல் திரெந்து சங்கம், பங்குக் குருவுடன் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாத திருமணம் செல்லாது என்று விதித்தது. சீர்திருத்தச் சபைகள் வேறு பலவற்றில் உரோமையோடு முரண்பட்டபோதிலும், திருமணம் வெளியரங்கமாக நடைபெறவேண்டும் என்பதில் முரண்படவில்லை. லுத்தர் 1529இல் எளிய போதகர்களுக்காக எழுதிய திருமண நூலிலும் ஓலை வாசிப்பு இடம்பெறுகிறது.

1662ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொதுஜெப நூலை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அதன் திருமண முறையில் மணத்தோழன், மணத்தோழி என்னும் பெயர்களே இல்லை. மணமக்கள் தங்கள் நண்பரோடும் அயலாரோடும் ஆலயத்துள் வரவேண்டும் என்று மட்டுமே அது கூறுகிறது. பெண்ணை ஆயர் அவள் தகப்பனுடைய கையிலிருந்தோ நண்பனுடைய கையிலிருந்தோ பெற்றுக்கொள்கிறார். ஆகவே, ஒரே நிறத்தில் உடுத்த பலர் வரிசையாக நடந்து வருவது கிறிஸ்தவத் திருமணத்தின் இன்றியமையாத உறுப்பு என எண்ணுதற்கு இடமில்லை. இன்றியமையாதவர்கள் சாட்சிகளே.

3. தமிழ் மரபில்

நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86ஆம் பாட்டில் ஒரு பழந்தமிழ்த் திருமணத்தைக் காண்கிறோம். அதில் புரோகிதர் இல்லை. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். திருமணத்தை நடத்துவோர் அவர்களே. கொங்கு நாட்டில் அருமைக்காரர் என்னும் முதியோர் சடங்கை நடத்துவதும், தாய்மாமன் சீர் கொண்டு வருவதும், தாலியின் முடிச்சை நாத்தனார் முடிப்பதும், மாப்பிள்ளைத் தோழனாக மைத்துனன் உடன் நிற்பதும் இம்மரபின் கிளைகள் எனலாம். தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறையிலும் மோதிரம் அல்லது தாலி அணிவிக்க இடமுண்டு. நாத்தனார் முடிச்சிடும் வழக்கம் நம் சபைகளிலும் தொடர்கிறது.

இவ்வுறவுமுறைப் பங்குகளை நாம் அகற்றவேண்டியதில்லை. அவற்றின் பொருளைத் தெளிவுபடுத்தினால் போதும். முடிச்சிடும் நாத்தனார், வரும் பெண்ணைத் தன் உடன்பிறந்தாளாக ஏற்றுக்கொண்டேன் என்று கையால் அறிக்கையிடுகிறார். பிற்காலத்தில் அப்பெண் புகுந்த வீட்டில் துன்புறுத்தப்பட்டால், முதலில் கேட்கவேண்டியவர் அவரே.

ஆயின் ஒரு வழக்கத்தை மட்டும் நற்செய்தியின் ஒளியில் விலக்கியே ஆகவேண்டும். கைம்பெண்கள் மங்கல நிகழ்ச்சிகளில் முன்வரலாகாது என்னும் எண்ணம் கிறிஸ்தவ வீடுகளிலும் மறையவில்லை. தன் உழைப்பால் மகளை வளர்த்து ஆளாக்கிய தாய், மணநாளில் தூணுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கிறாள். ஒன்றும் செய்யாத சிற்றப்பன் முன்னே வந்து பெண்ணை ஒப்புக்கொடுக்கிறான். ரூத்தின் திருமணத்தை வாசிக்கும் சபை இதனை அனுமதிக்கலாகாது. அத்தாயே மகளை ஒப்புக்கொடுக்கும்படி ஆயர் முன்னதாகவே இரு வீட்டாரிடமும் பேசி முடிவு செய்யவேண்டும். மணநாளன்று பேசினால் அது பூசலாகும். ஒரு மாதம் முன்னே பேசினால் போதனையாகும்.

4. சட்டம் கூறுவது

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், திருமணத்தை நடத்துபவர் நீங்கலாக இரண்டு சாட்சிகளேனும் உடனிருத்தலை வற்புறுத்துகிறது. சில விதிவிலக்குகள் நீங்கலாகக் காலை 6 மணி முதல் மாலை 7 மணிக்குள் திருமணம் நடைபெறவேண்டும். சாட்சிகளின்றியோ காலவரம்பை மீறியோ நடத்துபவர் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உள்ளாகலாம் (69ஆம் பிரிவு). இந்தியக் கிறிஸ்தவர்களுக்குரிய 60ஆம் பிரிவில், மணமக்கள் கூடியிருப்போரைச் சாட்சிகளாக அழைத்தே ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்கின்றனர். அங்கே சாட்சிகள் நம்பத்தக்கவர்களாய் இருக்கவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. கிறிஸ்தவர்களாய் இருக்கவேண்டும் என்று கூறவில்லை. எனவே பிற சமயத்தவராகிய தாய்மாமனும் கையொப்பமிடலாம். இருவருள் ஒருவரேனும் சபையின் முழு உறுப்பினராய் இருத்தல் நலம் என்பது நம் ஆலோசனை. மணவாழ்வை ஜெபத்தில் தாங்கும் கடமையும் சாட்சிக்கு உண்டு என்பதே அதற்குக் காரணம்.

மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 என்னும் வயது வரம்பு 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இதனை மேலும் வலுப்படுத்தியது. குழந்தைத் திருமணத்தை நடத்துபவர், நெறிப்படுத்துபவர், அதற்குத் துணைபுரிபவர் ஆகியோர்க்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அது குழந்தைத் திருமணம் அன்று என நம்புதற்குத் தக்க காரணம் இருந்ததென மெய்ப்பித்தால் மட்டுமே நடத்தியவர் தப்பலாம். குழந்தையின் பொறுப்பில் உள்ளோர், பெற்றோராயினும் காப்பாளராயினும் வேறெவ்வகையில் பொறுப்புடையவராயினும், அத்திருமணத்தைத் தடுக்கத் தவறுவதும் அதில் கலந்துகொள்வதும் குற்றமாகும். ஆகவே அருகே நின்று தட்டை ஏந்தியதல்லாமல் வேறொன்றும் அறியேன் என்று கைகழுவுதல், பிலாத்துவுக்குப் போலவே தோழனுக்கும் பயன்படாது.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் இங்கு நினைவுகூரத்தக்கது. அதன் கீழ் 1985இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமக்களுக்குக் கொடுக்கப்படும் பரிசுப்பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கவேண்டும் என்கின்றன. மொய்க் கணக்கை ஒரு ரூபாயும் பிசகாமல் எழுதும் நாம், இப்பட்டியலை எழுதுவதில்லை. மணமகளின் நகை எவ்வளவு, யார் கொடுத்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாமையால், கைவிடப்பட்ட பெண்கள் வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். இப்பட்டியலை எழுதிவைத்தல் தோழிக்கு ஏற்ற பணியாகும்.

5. அவரவர் கடமை

மணத்தோழன்: மணமகனைக் குறித்த நேரத்தில், தெளிந்த நிலையில் ஆலயத்துக்கு அழைத்து வருவது அவன் முதற்கடமை. முந்தின இரவு நண்பர் கூட்டத்தில் மது நுழையாதபடி காப்பதும் அவனையே சாரும். மோதிரத்தையோ தாலியையோ காத்து உரிய வேளையில் தருவான். மணமகனுக்கு முன்னரே வேறு திருமணமோ வாக்குறுதியோ கடனோ உண்டா என்பதை அவன் அறிந்திருந்தால், ஓலை வாசிக்கும் காலத்திலேயே ஆயரிடம் கூறுவான். நண்பனைக் காட்டிக்கொடுப்பது என்று இதனைக் கருதலாகாது, மறைப்பதே காட்டிக்கொடுத்தல்.

மணத்தோழி: மணமகளின் உடையையும் பூவையும் கவனிப்பது சிறிய பணி, அவளுடைய மனத்தை அறிவது பெரிய பணி. பிறர் இல்லாத வேளையில், உனக்கு இதில் முழு விருப்பம் உண்டா என்று வினவக்கூடியவள் அவளே. ரெபெக்காளின் வீட்டார் அவளை அழைத்துக் கேட்டனர் (ஆதியாகமம் 24:57-58). நம் வீடுகளில் அவ்வினாவைக் கேட்பார் இல்லையெனில், தோழியேனும் கேட்கட்டும். விருப்பமில்லை என்று அறிந்தால் ஆயரின் துணைவியாரிடமோ ஆயரிடமோ அறிவிக்கட்டும்.

பெண்ணை ஒப்புக்கொடுப்பவர்: இச்செயல் ஒரு பொருளைக் கைமாற்றுவது அன்று. பிறந்த வீட்டின் கதவு மூடப்படவில்லை என்பதையும் அவர் உணர்த்தவேண்டும்.

பந்தி விசாரிப்போர்: கானாவில் திராட்சரசம் குறைவுபட்டதை இயேசுவின் தாய் கண்டு, உரக்கப் பேசாமல் உரியவரிடம் கூறினார். தண்ணீரை மொண்ட வேலைக்காரரே உண்மையை அறிந்திருந்தனர் (யோவான் 2:9). மணவீட்டாரின் குறையை ஊரறியச் செய்யாமல் நிரப்புவதே பந்திப் பணியின் மேன்மை. உணவு குறைந்தால் முதலில் தாம் உண்ணாதிருப்பவர்களும், ஏழை உறவினரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாதவர்களுமே இப்பணிக்கு உரியவர்கள்.

மலர் ஏந்தும் சிறுவர்: மூன்று நான்கு வயதுக் குழந்தைகளை நெடுநேரம் நிறுத்தி வைத்தல் வேண்டா. பவனி முடிந்ததும் தாயரிடம் அமரட்டும்.

சாட்சிகள்: கையொப்பமிடும் முன் பதிவேட்டின் பெயர், வயது, நிலை ஆகியவற்றை வாசித்தறிதல் வேண்டும். எழுத்தறியாதவராயின் ஆயர் வாசித்துக் காட்டவேண்டும். வெற்றிடங்களுடைய பக்கத்தில் கையொப்பம் பெறுதல் ஒருபோதும் ஆகாது.

உடை பற்றி ஒரு சொல். தோழியர் அறுவருக்கு ஒரே பட்டு எடுப்பதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். தோழன் ஒருவன், தோழி ஒருத்தி, அவரவரிடம் உள்ள நல்லுடை. இவை போதும் என்று சபைக்குழு தீர்மானித்தால் ஏழை வீட்டார் மனச்சான்றோடு மூச்சுவிடுவர்.

6. சாட்சியம் விலைமிக்கதாகும் இடங்கள்

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களுள் 12.8 விழுக்காட்டினர் 18 வயது நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். குழந்தைத் திருமணம் இன்னும் முற்றிலும் ஒழியாத மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. பள்ளியை இடையில் நிறுத்திய சிறுமியைத் தனியே வீட்டில் விட்டு வெளியூர் வேலைக்குச் செல்ல அஞ்சும் பெற்றோர், அவளை ஒருவன் கையில் ஒப்படைப்பதே காவல் என்று எண்ணுகின்றனர். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. அவர்கள் தேடும் தீர்வே பொய்யானது.

இங்கே ஆயர் கவனிக்கவேண்டியவை சில. ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள நாள் பிறந்தநாள் ஆகாது. பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ நேரில் பார்த்த பின்னரே ஓலை வாசிக்கவேண்டும். தோழனும் தோழியும் அதனைப் பார்த்திருக்கவேண்டும். வைகறையில் வேறிடத்தில் தாலி கட்டிவிட்டு, ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்று சிறுமியை அழைத்து வருவோர் உண்டு. அந்த ஜெபம் ஊராரின் கண்களில் சபையின் ஒப்புதலாகிவிடும். எனவே அவ்வாறு செய்தல் கூடாது. நம் மாநிலத்தில் மாவட்டச் சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 1098 என்னும் எண்ணிலும் அறிவிக்கலாம். அறிவித்ததோடு கடமை முடியாது. அச்சிறுமி மீண்டும் பள்ளிக்குச் செல்லவும், பெற்றோர் வெளியூர் செல்லும் நாள்களில் அவள் தங்கவும் சபை வழிசெய்ய வேண்டும்.

சாதியைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. உரிய வயதடைந்து, முழு மனத்தோடு, எத்தடையுமின்றி வரும் இருவர் வெவ்வேறு சாதியினராய் இருக்கும்போது, உறவினர் ஒருவரும் உடன் வாராதிருக்கலாம். அப்போது அவர்களுக்குத் தோழராகவும் சாட்சிகளாகவும் நிற்கவேண்டியவர்கள் சபையின் மூப்பர்களே. சாட்சி என்பதற்குரிய கிரேக்கச் சொல்லே பின்னாளில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களுக்கும் பெயராயிற்று. இரத்தசாட்சி என்று தமிழில் வழங்குகிறோம். திருமணப் பதிவேட்டில் இடும் கையொப்பமும் சில இடங்களில் அச்சொல்லின் நிழலில் இடப்படுவதே.

7. மணநாளுக்குப் பின்

ஆராதனைக்குப் பத்து நாள் முன்னதாக, தோழன், தோழி, சாட்சிகள், ஒப்புக்கொடுப்பவர் ஆகியோரை ஆயர் ஒருமணி நேரம் கூட்டிப் பேசுவாராக. ஆராதனை முறையை வாசித்து, ஒவ்வொருவர் கடமையையும் விளக்கி, ஜெபித்து அனுப்பினால் போதும். பிற சமயத்து உறவினர்க்கும் இது நம் விசுவாசத்தை அறியும் நல்வாய்ப்பாகும்.

அவர்களிடம் ஒரு வாக்குறுதியும் பெறுதல் நன்று: முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் மணமக்களை நேரில் காணவோ தொலைபேசியில் பேசவோ வேண்டும். பெங்களூரில் ஓர் அறையில் குடியேறும் இளம் தம்பதியர்க்கு மாமனும் இல்லை, மூப்பரும் இல்லை. அவர்களுடைய முதற்பூசலைக் கேட்கத் தோழன் ஒருவனேனும் இருக்கட்டும். அடியும் உதையும் நேர்ந்தால், பொறுத்துப்போ என்று அப்பெண்ணைத் திருப்பி அனுப்புதல் தோழமை ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவளுடன் சென்று நிற்கும் கடமை, அன்று அவளருகே நின்ற தோழிக்கு உண்டு.

மனைவிக்கும் கணவனுக்கும் நடுவே கர்த்தரே சாட்சியாய் இருக்கிறார் என்று மல்கியா தீர்க்கதரிசி உரைக்கிறார் (2:14). அவ்வசனம் கூறப்பட்டது திருமண நாளில் அன்று. இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்யப்பட்ட பின்னர். தேவனுடைய சாட்சியம் ஆலயத்து வாசலோடு முடிவதில்லை எனின், அவருடைய பெயரால் கையொப்பமிடும் நம் சாட்சியமும் அங்கே முடிதல் ஆகாது.